பயந்தாங்கொள்ளி என்று யாரைச் சொல்கிறோம்?

நம் மேடைகளில் அதிகம் புழங்கும் சொல் 'அஞ்சாமை'. சுவரெழுத்து, துண்டறிக்கை, கலைநிகழ்ச்சிப் பாட்டு எல்லாவற்றிலும் அதுதான். அடங்கிக் கிட என்று காலங்காலமாய்ச் சொல்லப்பட்ட சனத்துக்கு அந்தச் சொல் வேண்டும். மறுக்கவில்லை. ஆனால் அதன் நிழலில் ஒரு கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறது. ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு படபடவென்று அடிக்க எழுந்து உட்காருகிறவர்கள். பஸ் கூட்டத்தில் மூச்சு முட்டி நடுவழியில் இறங்கிக்கொள்கிறவர்கள். 'இந்தா செத்துருவேன்' என்று நடுங்கி, சாகாமல், வெளியே சொல்ல வெட்கப்பட்டு, மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள். இவர்களைப் பற்றி நம் பத்திரிகைகள் பேசியது குறைவு.

விருதுநகர் மாவட்டத்தில் வங்கிக் குமாஸ்தா நான். சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சனம் வந்து நிற்கிற கவுண்டர். வெள்ளிப்பொடி ஏறிய விரல்களையும், தேய்ந்துபோய் மெஷினில் ரேகை விழாத கட்டைவிரல்களையும் தினமும் பார்க்கிறேன். பட்டாசு ஆலையில் வெடித்தால் கொஞ்ச நாளில் நிவாரணக் காசோலை எங்கள் மேசைக்கு வரும். செத்தவருக்குக் கணக்கு உண்டு. தீக்காயம் பட்டவருக்குக் கணக்கு உண்டு. பக்கத்து அறையிலிருந்து எழுந்து ஓடித் தப்பித்த பொம்பளைக்கு? எந்தப் பதிவேட்டிலும் அவளுக்கு ஒரு வரி கிடையாது.

அப்படித் தப்பித்தவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். 1991இல் மீனம்பட்டி. 2012 செப்டம்பர் 5, முதலிபட்டி: சுமார் 40 பேர் மாண்டார்கள், அதில் உதவிக்கு ஓடியவர்களும் வேடிக்கை பார்க்க நின்றவர்களும் இருந்தார்கள். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 2023 அக்டோபர் 17, ரெங்கபாளையம். 2024 மே 9, செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. ஒவ்வொன்றிலும் பிணங்களை எண்ணினோம். சத்தத்தைக் கேட்டவர்களை எண்ணவில்லை.

மருந்து அறைக்குள் போகும் பெண்ணுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்? கொலுசைக் கழற்று, நைலான் சேலை கட்டாதே, இரும்பு படக்கூடாது, உரசக்கூடாது, போட்டது போட்டபடி கிடக்கட்டும், வெளியே ஓடு. சரியான விதிகள்தான். ஆனால் எட்டு மணி நேரமும் உடம்பு என்ன கற்றுக்கொள்கிறது? எது வேண்டுமானாலும் எந்த நொடியும் வெடிக்கலாம் என்று. சாயங்காலம் வீடு திரும்பினாலும் உடம்பு அந்தப் பாடத்தை மறப்பதில்லை. குக்கர் விசிலடித்தால் கை உதறுகிறது. தட்டு விழுந்தால் கால் வாசலைப் பார்க்கிறது. ஊரே கொண்டாடுகிற தீபாவளி ராத்திரியில் அந்தச் சரக்கைச் செய்தவள் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருக்கிறாள்.

ஊரில் இதற்குப் பல பெயர். பயந்த கோளாறு, காத்துக் கருப்பு, கேஸ் டிரபுள், நரம்புத் தளர்ச்சி. திருநீறு போடுகிறார்கள், இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு நேர்ந்துகொள்கிறார்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. வேறு வாசல் திறக்காதவர்கள் திறந்திருக்கிற வாசலுக்குத்தான் போவார்கள்.

மருத்துவம் சொல்வது இதுதான். ஆபத்து என்று மூளை முடிவு செய்த நொடியில் அட்ரினலின் சுரக்கிறது. ஓடவோ அடிக்கவோ உடம்பு தயாராகிறது. இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து தலை சுற்றுகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. அந்த மரப்பைப் பார்த்துப் பயம் இன்னும் கூடுகிறது. ஆபத்து இல்லாத இடத்தில் இது சட்டென்று கிளம்பினால் அதுதான் பீதித் தாக்கு. பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்குப் போய் இறங்கிவிடும். அந்தத் தாக்கால் உயிர் போகாது. அது இன்னொரு தடவை வந்துவிடுமோ என்று கடைக்குப் போகாமல், பஸ் ஏறாமல், கூட்டத்துக்கு வராமல் ஒடுங்குவதுதான் நோயாக முற்றுகிறது.

எனக்கும் வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், நோட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது. மாரடைப்பு என்றே நினைத்தேன். ஈசிஜி எடுத்த தனியார் டாக்டர், 'ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க' என்று சத்து மாத்திரை எழுதினார். ஒண்ணுமில்லாததற்கா சட்டை நனைந்தது? பிறகு ஒரு அரசு மருத்துவர்தான் உட்காரவைத்துக் கேட்டார், எந்த நேரத்தில் வருகிறது என்று. யோசித்தால், புதிதாக மாற்றலாகி வந்தவர்கள் 'சார், சொந்த ஊர்ல எந்தத் தெரு?' என்று சிரித்தபடி கேட்கிற நாட்களில்தான் மூச்சு இறுகுகிறது. மருந்து அறை மட்டும்தான் வெடிக்கும் என்றில்லை.

இது கோழைத்தனமா? அம்பேத்கர் பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல் பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் ஒளிந்து தங்கினார். ஒருநாள் ஒரு டஜன் பேர் தடியோடு வந்து அறை முன்னால் நின்றார்கள். 18 ஆண்டுகள் கழித்தும் அந்தக் காட்சி மங்கவில்லை, நினைத்தால் கண்ணீர் வருகிறது என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். அவரைவிடத் துணிந்தவர் நம்மில் யார்? பயம் பட்ட உடம்போடுதான் அவர் 1927இல் மகாடு குளத்தில் இறங்கினார்.

அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களின் படபடப்பைப் பற்றி டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871இலேயே எழுதினார். வியத்நாம் போருக்குப் பிறகு, 1980இல், பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோய்க்கு அமெரிக்க மருத்துவர்கள் பெயர் வைத்தார்கள். சிப்பாய் நடுங்கினால் அது நோய். கூலிக்காரி நடுங்கினால் அது பேய். அல்ஜீரியாவில் மனநல மருத்துவராயிருந்த ஃபனான் இந்த இடத்தைத்தான் தொட்டார். 1961இல் வந்த தன் நூலில், காலனியப் போர் மனசுக்குள் செய்த நாசத்துக்கு ஓர் அத்தியாயம் முழுக்க ஒதுக்கினார். நம்மில் பலர் அந்த நூலின் வன்முறை பற்றிய பக்கங்களைப் படித்துவிட்டு, நோயாளிகள் வரும் பக்கங்களைத் தள்ளிவிடுகிறோம்.

'சமூகம் மாறினால் எல்லாம் சரியாகும், மாத்திரை எதுக்கு?' என்று கேட்கும் தோழர்களுக்கு: சமூகம் மாறும்வரை அந்தப் பெண் தூங்க வேண்டாமா? செய்யக்கூடியது இருக்கிறது. முதலில் ஒருமுறை இதயம், ரத்தசோகை, தைராய்டு பார்த்துவிடுங்கள். தாக்கு வரும்போது ஓடாதீர்கள். பாதத்தைத் தரையில் ஊன்றி, இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கி மெதுவாக மூச்சு விடுங்கள். 'இது அதுதான், இறங்கிரும்' என்று உங்களுக்கே சொல்லுங்கள். தவிர்க்கிற இடத்துக்குக் கொஞ்சங்கொஞ்சமாகத் திரும்பிப் போங்கள். டாக்டர் சொல்லாமல் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். சாராயம் அன்றைக்கு அமர்த்தும், மறுநாள் கூட்டும். பேச்சு சிகிச்சையும் மருந்தும் பலன் தருகின்றன. சில வாரம் பிடிக்கும். அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 14416 எண்ணில் காசில்லாமல் தமிழில் பேசலாம்.

இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் பத்துப் பேரை உட்காரவைத்து, உள்குத்தகைக்காரன் அவசரப்படுத்துகிற இடத்தில் வருகிற பயம் நோயே அல்ல. அது அறிவு. அங்கே மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பவன் முதலாளியின் ஆள். அங்கே செய்ய வேண்டியது எழுந்து வெளியே வருவது. ஒருத்தியாக வந்தால் வேலை போகும், எல்லோரும் சேர்ந்து வருவதற்குத்தான் சங்கம்.

1923ஆம் ஆண்டு ஈட்டுத்தொகைச் சட்டம் கட்டைவிரலுக்கு 30 விழுக்காடு, ஒரு கண்ணுக்கு 40 விழுக்காடு என்று விலை வைத்தது. போன தூக்கத்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமோ அரசிடம் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. இந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் நம் கோரிக்கை நிற்க வேண்டும். வெடித்த ஆலையில் அன்று வேலைக்கு வந்த ஒவ்வொருவரையும் மனநல மருத்துவர் பார்க்க வேண்டும், அது பதிவாக வேண்டும், நிவாரணத்தில் சேர வேண்டும்.

இது அரசிடம் கேட்பது. நம்மிடம் கேட்பது சின்னது. அடுத்த விபத்துக்கு உண்மையறியும் குழு போகும்போது, செத்தவர் பட்டியலோடு தூங்காதவர் பட்டியலையும் எழுதிக்கொண்டு வரட்டும்.