நாளை வெல்வது யார்?



சென்ற வாரம் புத்தக அலுமாரியைத் துப்புரவு செய்தபோது, 2022ஆம் ஆண்டு நாட்காட்டியின் தாள் ஒன்று மடித்தபடி கிடைத்தது. பின்புறத்தில் என் மகளின் கையெழுத்தில் ஒரு பட்டியல். அந்த வருடம் நவம்பர் 20 முதல் டிசம்பர் 18 வரை கட்டாரில் நடந்த உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தை எந்த நாடு வெல்லும் என்று எங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் சொன்ன கணிப்பு அது. மகன்மார் இருவரும் பிரேசில் என்றார்கள். மகள் ஜேர்மனி. நானும் பிரேசில்தான். மாமி மட்டும், "விருந்து குடுக்கிறவங்களுக்குத்தானே கிண்ணம்" என்று கட்டாரைச் சொல்லியிருந்தார். என் மனைவி ஆர்ஜென்டினா. காரணம் கேட்டதற்கு, அந்த நீல வெள்ளைக் கோடு பார்க்க அழகாயிருக்கிறதாம்!

கட்டார் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. ஜேர்மனி முதற் சுற்றோடு வீடு திரும்பியது. பிரேசிலைக் குரோஷியா காலிறுதியில் பெனால்டியில் அனுப்பி வைத்தது. ஓதிப் படித்தவன், பத்திரிகை வாசிப்பவன் என்று எனக்கிருந்த பெருமையும் அதோடு போயிற்று.

ஆனால் மனைவியின் கணிப்பும் முதல் ஆட்டத்திலேயே கவிழ்ந்ததாகத்தான் தோன்றியது. நவம்பர் 22, செவ்வாய்க்கிழமை பின்னேரம். வவுணதீவுப் பக்கத்தில் அவருக்கு அவரது வாப்பா கொடுத்த வயல் ஒன்று உண்டு. பெரும்போக வேளாண்மையைப் பார்த்துவிட்டு, வலையிறவுப் பாலத்துக்குத் திரும்பும் வழியில் தேத்தண்ணிக் கடையொன்றில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். கடை வாசலில் நீல வெள்ளைக் கொடி. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் பாடுவான்கரைத் தமிழ்ச் சகோதரர்கள். ஒருவர் வாயிலும் பேச்சில்லை. 36 ஆட்டங்களாகத் தோல்வி காணாத ஆர்ஜென்டினாவைச் சவூதி அரேபியா 2-1 என்று வென்றிருந்தது. கடைக்காரர் என் தொப்பியைப் பார்த்தார். "என்ன மௌலவி, உங்கட ஆக்கள் எங்கட மெஸ்ஸியைக் கவிழ்த்துப் போட்டாங்களே" என்று சிரித்துக்கொண்டே பிளேன்டி ஊற்றித் தந்தார். எவ்வளவு சொல்லியும் காசு வாங்கவில்லை.

பாலத்தைக் கடக்கும்போது நபி (ஸல்) அவர்களின் பெண் ஒட்டகம் 'அள்பா' என் நினைவுக்கு வந்தது. ஓட்டத்தில் அதை எந்த ஒட்டகமும் முந்தியதில்லை. ஒருநாள் நாட்டுப்புறத்து அரபி ஒருவர் இளம் ஒட்டகமொன்றில் வந்து முந்திவிட்டார். ஸஹாபாக்களுக்கு அது பெரும் மனவருத்தமாயிற்று. இவ்வுலகில் எது உயர்ந்தாலும் அதைத் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்ற கருத்தில் நபியவர்கள் அவர்களைத் தேற்றியதாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. தம்முடைய ஒட்டகம் தோற்றபோது அவர்கள் சொன்னது இது என்பதைக் கவனியுங்கள். ஊரில் அன்றிரவு நம் இளைஞர்கள் சவூதியின் வெற்றியைக் கொண்டாடினார்கள். அந்தச் சவூதி அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியது.

இதுவரை சொன்னது சிரிக்கக்கூடிய பகுதி. இனி நான் வெட்கத்தோடு எழுத வேண்டியது ஒன்றிருக்கிறது.

போட்டி தொடங்குமுன் எங்கள் ஆசிரியர் அறையிலும் ஒரு பட்டியல் போட்டார்கள். ஆளுக்கு நூறு ரூபா. சரியாகச் சொன்னவருக்கு முழுத் தொகையும். சிரிப்பும் பகிடியுமாக எல்லோரும் கொடுக்க, நானும் ஒரு நூறு ரூபாத் தாளை நீட்டினேன். வகுப்பில் 'மைஸிர்' என்ற சொல்லுக்கு விளக்கம் சொல்லிக் கொடுக்கிற அதே கைதான்! நூறு ரூபாவுக்கு இன்று என்ன வாங்கலாம், இதெல்லாம் ஒரு சூதா என்று என் நப்ஸ் எனக்கே பத்வா கொடுத்துவிட்டது.

டிசம்பர் 13ஆம் திகதி, மஃரிபுக்குப் பின் ஒரு சகோதரி எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவியோடு உள்ளே நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தவர், வாசற் திரைக்கு அப்பால் நின்று என்னிடம் ஒன்று கேட்டார்: "மௌலவி, நாளைக்கு மொரோக்கோ வெல்லணும் எண்டு ஒரு துஆ கேளுங்களேன்."

எனக்கு வியப்பாக இருக்கவில்லை. அந்த நாட்களில் மொரோக்கோவின் பேச்சில்லாத முஸ்லிம் வீடு ஏது? பெல்ஜியம், ஸ்பெயின், போர்த்துக்கல் என்று வரிசையாக வீழ்த்தி, ஆபிரிக்காவிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் அரையிறுதிக்கு வந்த முதல் அணி அது. வென்றதும் வீரர்கள் மைதானத்திலேயே ஸுஜூதில் விழுந்தார்கள். ஹக்கீமி என்ற வீரர் பார்வையாளர் பகுதிக்கு ஓடிப்போய் உம்மாவின் நெற்றியில் முத்தமிட்டார். ஸ்பெயினில் பிறர் வீடுகளைத் துப்புரவு செய்து அவரை வளர்த்த தாய் அவர். அந்தப் படத்தைப் பார்த்துக் கண் கலங்காத உம்மாமார் குறைவு. இந்தச் சகோதரியும் அந்த ஆசையில்தான் கேட்கிறார் என்று நினைத்து, "இன்ஷா அல்லாஹ்" என்றேன்.

அப்போதுதான் அவர் அழத் தொடங்கினார். கணினிப் படிப்புக்குக் கட்டணம் என்று மகன் கேட்டதற்காகத் தம் இரண்டு காப்புகளை அடகு வைத்துக் கொடுத்திருக்கிறார். மகன் அந்தப் பணத்தில் கைப்பேசி வழியாகப் பந்தயம் கட்டியிருக்கிறான். ஆரம்பத்தில் சிறு தொகைகள். இரண்டு மூன்று முறை வந்தும் இருக்கிறது. வந்ததை எல்லாம் சேர்த்து, மிஞ்சியதையும் போட்டு, மொரோக்கோ பிரான்ஸை வெல்லும் என்று கட்டிவிட்டான். உம்மாவிடம் உண்மையைச் சொன்னது அதற்குப் பிறகு. அது பணம் கஷ்டப்பட்ட 2022ஆம் வருடம் என்பதை நான் உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

ஹராமான ஒன்று பலிக்க வேண்டும் என்று துஆ கேட்க முடியாது என்று நான் சொல்ல வேண்டும். சொன்னேன். ஆனால் அந்த நேரத்தில் என் மனக்கண்ணில் நின்றது ஆசிரியர் அறையில் நான் நீட்டிய நூறு ரூபாத் தாள். தொகையில்தான் வித்தியாசம், கட்டிய விதத்தில் அவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

சகோதரிகளே, இதில் சட்டத்தைச் சுருக்கமாக விளங்கிக்கொள்ளுங்கள். 'இந்த அணி வெல்லும் போலிருக்கிறது' என்று அபிப்பிராயம் சொல்வது பாவமல்ல. மழை வரும் போலிருக்கிறது என்பதைப் போன்றது. வென்றவருக்கு வெளியார் ஒருவர் பரிசு கொடுப்பதிலும் தடையில்லை. ஆளாளுக்குப் பணம் போட்டு, கணிப்புச் சரியானவர் மற்றவர்களின் பணத்தை எடுத்துக்கொள்வதுதான் சூது. ஸூரத்துல் மாயிதாவின் 90ஆவது வசனம் மதுவையும் சூதையும் சொல்லும் அதே மூச்சில், குறி பார்க்கும் அம்புகளையும் ஷைத்தானின் செயல் என்று சேர்த்துச் சொல்கிறது. 2010இல் ஜேர்மனியின் மீன் காட்சியகமொன்றில் 'போல்' என்ற எட்டுக்கால் கணவாய் எட்டு ஆட்டங்களின் முடிவையும் சரியாகக் காட்டியது என்று உலகமே வாய் பிளந்து நின்றதல்லவா? படித்த உலகமும் அம்பு எறிந்து பார்க்கும் உலகமாகத்தான் இருக்கிறது.

அந்த மகனை மறுநாள் வரச் சொன்னேன். வந்தவன் வாதாடினான். "அபூபக்ர் ஸித்தீக் (ரழி) அவர்களும் பந்தயம் கட்டினார்கள்தானே?" எங்கேயோ கேட்டிருக்கிறான். சம்பவம் உண்மைதான். பாரசீகர் ரோமரை வென்று, 614இல் பைத்துல் முகத்தஸையும் கைப்பற்றியிருந்த காலம். மக்கத்துக் காபிர்கள் அதில் மகிழ்ந்தார்கள். தோற்ற ரோமர் சில வருடங்களுக்குள் வெல்வார்கள் என்று ஸூரத்துர் ரூமின் ஆரம்ப வசனங்கள் இறங்கின. அதை நம்பி அபூபக்ர் (ரழி) அவர்கள் குறைஷிகளோடு பந்தயம் கட்டினார்கள். தவணையை நீட்டும்படி நபியவர்கள் சொன்னார்கள். அரபியில் அந்த 'சில' என்ற சொல் மூன்று முதல் ஒன்பது வரை குறிக்கும். ரோமர் வென்றார்கள். ஆனால் அது சூது தடுக்கப்படுவதற்கு முந்திய சம்பவம் என்பதைத் திர்மிதியின் அறிவிப்பே சொல்கிறது. அதைவிட, அபூபக்ர் (ரழி) கட்டியது தம் ஊகத்தின் மீதல்ல. நாளையை அறிந்தவனின் வார்த்தையின் மீது. "மொரோக்கோ வெல்லும் என்று உனக்கு வஹீ வந்ததா தம்பி?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். அன்று நள்ளிரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கிய ஆட்டத்தில் பிரான்ஸ் 2-0 என்று வென்றது.

நாளை என்ன சம்பாதிக்கப் போகிறது என்பதை எந்த ஆத்மாவும் அறியாது என்பது லுக்மான் அத்தியாயத்தின் கடைசி வசனத்தின் கருத்து. எங்கள் பகுதியாருக்கு அதற்கு விளக்கவுரை தேவையில்லை. 1995இல் நான் அறபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருந்த சிறுவன். ஏப்ரல் மாத ஆரம்பத்தில் கொழும்பில் நடந்த தெற்காசிய தங்கக் கிண்ண உதைபந்தாட்ட இறுதியாட்டத்தில், இந்தியாதான் வெல்லும் என்று நாங்களெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க, மேலதிக நேரத்தில் விழுந்த ஒரேயொரு கோலால் இலங்கை வென்றது. அப்போது யுத்த நிறுத்தம் வேறு. இனிச் சமாதானம்தான், பாலத்துக்கு அப்பால் விட்டுவந்த வயல்களுக்கு அடுத்த போகத்தில் போகலாம் என்று பெரியவர்கள் கணக்குப் போட்டார்கள். ஏப்ரல் 19ஆம் திகதி யுத்தம் மீண்டும் தொடங்கியது. எத்தனையோ குடும்பங்கள் தம் வயல் வரம்பை மீண்டும் மிதிக்கப் பன்னிரண்டு வருடங்களுக்கு மேல் சென்றன. சிலர் மிதிக்காமலே மௌத்தானார்கள்.

டிசம்பர் 18 இறுதியாட்டத்தை இஷாவுக்குப் பின் வீட்டில் எல்லோருமாகப் பார்த்தோம். அபிஸீனியர் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டுக் காட்டியபோது ஆயிஷா (ரழி) அவர்கள் சலிக்கும்வரை நபியவர்கள் காட்டிக்கொண்டு நின்றார்களே, அதை நினைத்து மனைவிக்கும் மாமிக்கும் முன்னிடம் கொடுத்தேன். 3-3 என்று முடிந்து, பெனால்டியில் 4-2 என்று ஆர்ஜென்டினா வென்றது. 1986க்குப் பிறகு அவர்களுக்கு இதுதான் முதற் கிண்ணம். வீதியில் பட்டாசு வெடித்தது. நோயாளிகளும் கைக்குழந்தைகளும் உறங்கும் இரவு பதினொன்றரைக்கு யார் வீட்டுக் காசு இப்படிப் புகையாகிறது என்று எனக்குக் கோபம். மனைவியோ எழுந்துபோய் நாட்காட்டித் தாளை எடுத்துவந்து, தம் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

ஆசிரியர் அறைப் பணத்தை அவரவரிடம் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். இருவர் முகம் சுளித்தார்கள்.

அந்த மகன் பெரும்போக அறுவடையின்போது வவுணதீவில் எங்கள் வயலிலும் அயல் வயல்களிலும் நெல் மூட்டை ஏற்றினான். தேத்தண்ணிக் கடைக்காரரின் வயலிலும்தான். கூலியை ஒவ்வொரு மாலையும் உம்மாவின் கையில் கொடுத்தான். மார்ச் மாதத்தில் ஒரு காப்பு மீட்கப்பட்டது. மற்றது தவணை கடந்து ஏலத்தில் போய்விட்டது. அவன் உம்மா இன்றும் ஒரு கையில் மட்டும்தான் காப்புப் போட்டிருக்கிறார்.