கல்லைக் கொதிக்க வைக்காதீர்கள்!

குடிபாலாவில் குடியிருந்து சித்தூருக்கு நாள்தோறும் பஸ்ஸில் போய் வரும் குமாஸ்தா நண்பர் ஒருவர், சென்ற தீபாவளி போனஸில் ஒரு காரியம் செய்தார். சென்னை கொளத்தூர் மீன் சந்தைக்குப் போய், நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டியும், உப்பு மூட்டையும், கடல் மீன் இரண்டும், 'உயிருள்ள கல்' என்று சொல்லப்படும் பவளப்பாறைத் துண்டுகள் ஒரு கூடையும் வாங்கி வந்தார். கடலை எட்டிப் பார்க்கக்கூட வழியில்லாத நம் ஊரில் வீட்டுக் கூடத்தில் கடல்! தெருவே வந்து பார்த்தது.

பத்தாம் நாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தவர் டார்ச் அடித்தாராம். கல் இடுக்கிலிருந்து ஒரு சாண் நீளத்தில், இரு பக்கமும் வெள்ளை மயிர் அடர்ந்த இளஞ்சிவப்புப் புழு ஒன்று நெளிந்து வெளியே வந்தது. அவர் வாங்காத பிராணி. மறுநாள் பழுப்பு நிறத்தில் பூப்போல ஏதோ ஒன்று; அடுத்து, பொத்தான் பொத்தானாகக் கூட்டமாய் முளைத்த பச்சை வட்டங்கள். கடைக்காரருக்குப் போன் செய்தால், "அதெல்லாம் கல்லோட ஃப்ரீயா வர்றது சார்" என்று முடித்துவிட்டார்.

"பெரிய அண்டாவிலே போட்டு ஒரு கொதி கொதிக்க வெச்சுட்டா எல்லாச் சனியனும் ஒழிஞ்சுடும்" என்றார் நண்பரின் மனைவி. நம் வீடுகளில் எதற்கும் வெந்நீர்தான் வைத்தியம். ஆனால் இந்த இடத்தில் அந்த வைத்தியம் ஆளையே கொல்லக்கூடியது. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அந்தப் பொத்தான் பூக்கள் 'சோவாந்திட்' என்னும் இனம். அவற்றில் சில வகைகளில் 'பாலிடாக்சின்' என்ற கொடிய நஞ்சு உண்டு. 1971-ல் ஹவாய்த் தீவில் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட நஞ்சு இது. எது நஞ்சுள்ளது, எது இல்லாதது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கொதிக்க வைத்தால் நஞ்சு அழிவதில்லை. நீராவியோடு கிளம்பி மூச்சில் ஏறுகிறது. காய்ச்சல், நடுக்கம், மூச்சுத் திணறல் என்று படுக்கவைத்துவிடும். 2018-ல் இங்கிலாந்தில் ஸ்டீவன்டன் என்ற ஊரில் ஒருவர் வீட்டுத் தொட்டியைச் சுத்தம் செய்யப்போக, குடும்பத்தாரோடு உதவிக்கு வந்த அவசரப் பணியாளர்களும் சேர்ந்து ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தது. கொதிக்க வைப்பது மட்டுமல்ல, பிரஷ் போட்டுத் தேய்ப்பதும், வெறுங்கையால் பிய்ப்பதும் ஆபத்துதான். கையில் கீறல் இருந்தால் கேட்கவே வேண்டாம். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் அணிந்து, கல்லைத் தண்ணீரைவிட்டு எடுக்காமலே வேலை செய்யவேண்டும்.

சரி, அந்தப் புழு? அதைக் கண்டு அலறவேண்டியதில்லை. பெரும்பாலான மயிர்ப்புழுக்கள் மீன் தின்று மிச்சம் வைத்ததைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் தோட்டிகள். தொட்டால் மயிர் தோலில் குத்தி எரியும். ஒட்டும் டேப்பை ஒட்டி உரித்தால் வந்துவிடும். அதிகமாகப் பெருகினால் தீனி அதிகமாகிறது என்று பொருள், குற்றம் நம்முடையது. பழுப்புப் பூ 'அய்ப்டேசியா' என்ற கடல் சாமந்தியாக இருக்கலாம். அதைக் கத்தியால் வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு பூவாகும். இரவில் 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் மட்டும் உஷார். குத்துச்சண்டை இறாலாக இருக்கக்கூடும். விரலைப் பதம் பார்த்துவிடும். டார்ச்சின் மேல் சிவப்புக் காகிதம் ஒட்டிப் பார்த்தால் இவை ஓடி ஒளியாது. முதலில் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள், தண்டனையைப் பிறகு பார்க்கலாம்.

விதிவிலக்கும் உண்டு. 2009-ல் இங்கிலாந்தின் நியூகே நகர மீன் காட்சிசாலையில் பவளங்கள் இரவோடிரவாக அறுபட்டுக் கிடந்தன. பாறையைக் கல் கல்லாகப் பிரித்துப் பார்த்தபோது நான்கடிப் புழு ஒன்று அகப்பட்டது. காட்சிசாலைக்கே இந்தக் கதி!

நண்பரிடம் நான் கேட்ட வேறொரு கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. அந்தக் கல் எந்தக் கடலிலிருந்து வந்தது? பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கு உள்ள காவல் அவற்றுக்கும் உண்டு. மன்னார் வளைகுடாவில் பெயர்த்த கல்லானால், விற்றவர் மட்டுமல்ல, கூடத்தில் வைத்திருப்பவரும் பதில் சொல்லவேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு இது விளையாட்டல்ல. சுட்ட மண்ணிலும் சிமெண்டிலும் செய்த செயற்கைக் கற்கள் கிடைக்கின்றன. கொஞ்சம் பொறுமை இருந்தால் அவற்றிலும் நல்ல பாக்டீரியா வளர்ந்து அதே வேலையைச் செய்யும். அழையாத விருந்தாளிகளும் குறைவு.

அலுத்துப்போய்த் தொட்டியைக் கலைப்பவர்கள், அடுத்த முறை சென்னை போகும்போது மெரினாவில் கொட்டிவிட்டு வரலாம் என்று எண்ணவேண்டாம். 1984-ல் மொனாக்கோ மீன் காட்சிசாலைக்குக் கீழே கடலில் சிறு திட்டாகக் காணப்பட்ட 'கௌலர்ப்பா' என்னும் பாசி, பின்னர் மத்தியதரைக் கடலில் பல நாட்டுக் கரைகளில் படர்ந்துவிட்டது. நன்னீர்த் தொட்டிக்காரர்களும் யோக்கியர்கள் அல்லர். 'டேங்க் கிளீனர்' என்று வாங்கி, வளர்ந்ததும் ஏரியில் விட்ட மீன் இன்று ஆந்திரத்திலும் தமிழகத்திலும் மீனவர் வலையைக் கிழிக்கிறது.

விற்பவர்களும் பில்லோடு ஒரு துண்டுக் காகிதத்தில், தமிழிலும் தெலுங்கிலும், நான்கு வரி எச்சரிக்கை அச்சடித்துக் கொடுத்தால் என்ன? அதற்கு எத்தனை பைசா ஆகிவிடும்?

அண்டா அடுப்பில் ஏறவில்லை. நண்பர் வீட்டுப் புழு இன்னும் தொட்டியில்தான் இருக்கிறது. குழந்தைகள் அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள்.