முளைக்காத தட்டைக் கொட்டாதீர்கள்

கேள்வி: சுவிட்சர்லாந்தில் வேலை பார்க்கும் என் அண்ணன், ஊருக்கு வந்தபோது ஆல்ப்ஸ் மலைப்பூ விதைகள் கொண்டுவந்தார். தொட்டியில் வளர்த்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கலாம் என்று ஆகஸ்டில் விதைத்தேன். டயாந்தஸ் மட்டும் முளைத்தது. ஜென்ஷியன், ப்ரிமுலா இரண்டும் மூன்று மாதமாகியும் முளைக்கவில்லை. தட்டைக் கொட்டிவிடலாமா?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: கொட்டாதீர்கள், அம்மா. பணியில் சேர்ந்த புதிதில் ஊட்டியில் நானும் ப்ரிமுலா தட்டு ஒன்றைக் கொட்டினேன். மூலையில் மறந்துபோன இன்னொரு தட்டு, பனிக்காலம் முடிந்ததும் முளைத்து நின்றது!

அந்த மலைகளில் இலையுதிர் காலத்தில் விழும் விதை உடனே முளைத்தால், பனியில் செத்துவிடும். அதனால் பல வாரம் ஈரக்குளிரில் கிடந்த பிறகுதான் உறக்கம் கலையும். டயாந்தஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உங்கள் ஊரில் இரவு குளிர்ந்தாலும் பகலில் வெயில் அடித்துவிடுகிறது. தொடர்ந்த குளிர் கிடைப்பதில்லை.

தட்டை அப்படியே பாலிதீன் பையில் போட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் 6 முதல் 8 வாரம் வையுங்கள். 4 டிகிரி போதும். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. வாரம் ஒருமுறை ஈரம் பாருங்கள். ஜனவரியில் வெளியே எடுத்து, வெளிச்சமான நிழலில் வையுங்கள். இரண்டுமே பொடி விதை, வெளிச்சம் பட வேண்டும். மேலே மண் மூடியிருந்தால் மெல்லச் சுரண்டி எடுத்துவிட்டு, பொடிச்சல்லி கொஞ்சம் தூவினால் போதும். தண்ணீரை மேலே ஊற்றாமல், தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். முளைத்த பிறகு மழை படக் கூடாது. குளிரை இவை தாங்கும், வேரில் தேங்கும் நீரைத் தாங்காது. மண், மணல், சல்லி சம அளவில் கலந்த தொட்டிக்கு மாற்றுங்கள்.

பூக்கப் பெரும்பாலும் இரண்டாம் வருடம் ஆகும். அதுவரை டயாந்தஸை விற்றுக் கைச்செலவைப் பாருங்கள்; அதைத் தண்டுத் துண்டு வைத்தும் பெருக்கலாம்.

இன்னொன்று, கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அடுத்தமுறை அண்ணனைப் பெட்டியில் விதை கொண்டுவரச் சொல்லாதீர்கள். 2003-ம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும் தாவர சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு நீலகிரியில் 1961-ல் கண்டறியப்பட்டது. அதுவும் வெளியிலிருந்து வந்ததுதான். இன்றுவரை நாம் அதோடு மல்லுக்கட்டுகிறோம். இப்போதைய தட்டில் புள்ளியோ அழுகலோ தெரிந்தால், காய்கறித் தோட்டத்துப் பக்கம் கொண்டுபோகாமல் தோட்டக்கலை அலுவலரிடம் காட்டுங்கள்.