ஒரு வரி விடாமல்

போன நவம்பரில் ஒரு நாள் இரவு ஒன்றரை மணிக்கு விழிப்பு வந்து எழுந்தேன். மகள் அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மடியில் ஜெராக்ஸ் கட்டு, கையில் மஞ்சள் மார்க்கர். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் வரலாறு ஆனர்ஸ், இரண்டாம் ஆண்டு. எட்டிப் பார்த்தேன். பக்கம் முழுவதும் மஞ்சள் பூசியிருந்தது. கோடு போடாத வரியைத் தேடத்தான் வேண்டியிருந்தது.

"நாப்பது பக்கம்ப்பா. எட்டு மணிக்கு ஆரம்பிச்சேன், பதினாறுதான் முடிஞ்சிருக்கு. நாளைக்கு இன்னொரு பேப்பருக்கு முப்பது பக்கம். எனக்கு இந்த கோர்ஸே வேண்டாம்ப்பா" என்றாள். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பாடத்திலும் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பெண்.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. தப்பு அவள் மேல் இல்லை, என் மேல் என்று தோன்றியது. "ஒரு வரி விடாமல் படி" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவன் நான்தான். என் அப்பா என்னை அப்படித்தான் வளர்த்தார். கும்பகோணத்தில் திண்ணையில் உட்கார்ந்து இரைந்து படிக்க வேண்டும். அடுக்களையில் இருக்கும் அம்மாவின் காதில் விழவேண்டும். சத்தம் நின்றால் படிப்பு நின்றது என்று அர்த்தம். அந்தப் படிப்புதான் 1987இல் ஸ்டாஃப் செலக்ஷன் கமிஷன் பரீட்சை எழுதவைத்து என்னை டெல்லிக்கு ரயிலேற்றியது. நம் சங்கத்தில் என் வயதுக்காரர்களில் பாதிப்பேர் கதை இதுதான். நம்மைக் கரை சேர்த்த ஓடம் என்பதற்காக அதைப் பிள்ளைகள் தலையில் தூக்கி வைக்கிறோம்.

பள்ளியில் ஒரு பாடத்துக்கு ஒரு புத்தகம். மாணவனுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பதை எழுதியவரே பொறுக்கிக் கொடுத்துவிடுகிறார். கல்லூரியில் ஒரு தலைப்புக்கு ஐந்தாறு பேருடைய கட்டுரைகள். அவை மாணவர்களுக்காக எழுதப்பட்டவை அல்ல, அறிஞர்கள் தங்களுக்குள் வாதாடிக்கொண்டு எழுதியவை. (இந்த ஜெராக்ஸ் கட்டுகளுக்காக 2012இல் மூன்று பெரிய பதிப்பகங்கள் வழக்கே போட்டன. பாடத்துக்காகப் பிரதி எடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 2016இல் டெல்லி உயர்நீதிமன்ற நீதிபதி தீர்ப்பளித்தார். அடுத்த வருஷம் வழக்கை அவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.) பொறுக்கி எடுக்கும் வேலை இப்போது மாணவி தலையில் விழுகிறது. அதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த வேலை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தேழு வருஷம் அதைச் செய்துதான் சம்பளம் வாங்கினேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானூறு பக்க ஃபைல் ஒன்றை முதல் பக்கத்திலிருந்து இரண்டு நாள் படித்தேன். எங்கள் அண்டர் செக்ரட்டரி ஒரு பஞ்சாபிக்காரர். சிரித்துவிட்டு ஃபைலை வாங்கி, படிக்கும் முறையைக் காட்டினார். முதலில் பி.யு.சி., அதாவது இன்று முடிவு சொல்லவேண்டிய கடிதம். என்ன கேட்கிறார்கள் என்று பார். அடுத்தது நோட் ஷீட்டில் கடைசிக் குறிப்பு. அப்புறம் ஃபிளாக் வைத்த பழைய உத்தரவு. மற்றதெல்லாம் சந்தேகம் வந்தால் மட்டும். ஆனால் அந்தப் பழைய உத்தரவை எழுத்தெழுத்தாகப் படி, 'மே' என்று போட்டிருக்கிறதா 'ஷால்' என்று போட்டிருக்கிறதா என்பதில்தான் உன் வேலை இருக்கிறது என்றார்.

ஆபீசில் இப்படிப் படித்துவிட்டு, வீட்டுக்கு வந்து மகளிடம் ஒரு வரி விடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன்!

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்தோம். சோழர் அரசைப் பற்றிய ஒரு கட்டுரை. மார்க்கரைப் பிடுங்கி வைத்துவிட்டுப் பென்சில் கொடுத்தேன். முதலில் பழைய கேள்வித்தாள். இந்தக் கட்டுரை எந்தக் கேள்விக்குப் பதில் என்று பார்த்தாள். அதுதான் அவளுடைய பி.யு.சி. பிறகு முதல் இரண்டு பக்கம், கடைசி இரண்டு பக்கம், உள்தலைப்புகள், ஒவ்வொரு பாராவுக்கும் முதல் வாக்கியம். இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. நிதானமாகப் படிக்க வேண்டியவை ஒன்பது பக்கங்கள்தான் என்று அவளே சொன்னாள். அவற்றை இரண்டு தடவை படித்தாள். பிறகு கட்டை மூடிவைத்து, சொந்த வார்த்தையில் ஐந்து வரி எழுதச் சொன்னேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. மஞ்சள் பூசுவது சுலபம்!

"இது ஏமாத்து இல்லையாப்பா?" என்று கேட்டாள். எனக்குக் கும்பகோணத்துத் தமிழ் வாத்தியார் நினைவுக்கு வந்தார். பாயிரம் இல்லாதது நூலே அல்ல என்கிறது நன்னூல். செய்தவர் பெயர், வழி, எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்லவந்த பொருள், கேட்போர், பயன் என்ற எட்டையும் சிறப்புப் பாயிரம் சொல்லவேண்டும். நூலுக்குள் நுழையுமுன் இவற்றைத் தெரிந்துகொண்டு நுழை என்பதுதானே இதற்குப் பொருள்? நாங்கள் எட்டையும் மனப்பாடம் செய்தோம். ஒரு புத்தகத்திலாவது தேடிப் பார்த்ததில்லை.

இரண்டு வாரம் எல்லாம் நன்றாக நடந்தது. பிறகு ஒரு டியூட்டோரியல் கட்டுரை சிவப்பு மையோடு திரும்பி வந்தது. சோழர்கள் வலுவான மைய ஆட்சி நடத்தியதாக பர்ட்டன் ஸ்டெயின் சொல்கிறார் என்று எழுதியிருந்தாள். அவர் சொன்னது நேர் எதிர். நீலகண்ட சாஸ்திரியார் காட்டிய வலுவான பேரரசை ஸ்டெயின் ஏற்கவில்லை. மன்னரின் நேரடி அதிகாரம் மையப் பகுதியோடு சரி, வெளியே இருந்த நாடுகளின் மேல் அவருக்கிருந்தது பெரும்பாலும் சடங்குத் தலைமைதான் என்பது அவர் கட்சி. நொபோரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகளை வைத்துக்கொண்டு அவரை மறுத்தது அப்புறக் கதை. இவள் படித்த பக்கங்களில் சாஸ்திரியாரின் கருத்து முதலில் விரிவாக வந்திருக்கிறது. அதை ஸ்டெயினுடையது என்று எடுத்துக்கொண்டு, மறுப்பு வந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

இதற்கும் நன்னூலில் இடமிருக்கிறது. ஏழு மதங்களில் ஒன்று, பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பிறகு களைவது. அன்றிலிருந்து, 'ஆனால்' என்ற பொருளில் ஒரு சொல் வரும் இடத்திலெல்லாம் பென்சிலால் வட்டம் போடுகிறாள். அங்கே வேகத்தைக் குறைக்கிறாள்.

நிமிஷத்துக்கு ஆயிரம் சொல் படிக்கவைக்கிறோம் என்று பணம் கேட்கிறவர்களை நான் நம்புவதில்லை. கீத் ரேய்னர் என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் இதுபற்றி அதுவரை நடந்த ஆராய்ச்சிகளை 2016இல் தொகுத்து எழுதினார்கள். வேகத்தை மிகவும் கூட்டினால் புரிதல் குறையும், சொல்வளமும் மொழிப் பழக்கமும் கூடினால்தான் வேகம் தானாக வரும் என்பது அவர்கள் முடிவு. கண்ணை ஓட்டப் பழக்குவதற்குக் கட்டணம் கட்டுவதைவிட நாலு நல்ல புத்தகம் வாங்கலாம்.

வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தவேண்டும் என்பதை நூலக இயலின் ஐந்து விதிகளில் நான்காவதாக 1931இல் எழுதிவைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். பிற்பாடு இதே டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கு வந்து பணியாற்றியவர். நாமோ பிள்ளைகள் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். "எத்தனை பக்கம் முடிச்சே?" என்பது நம் வீடுகளில் தினப்படிக் கேள்வி. நான் அதை விட்டுவிட்டேன். "அந்த ஆள் என்னதான் சொல்றார்?" என்று கேட்கிறேன். பாடம் நமக்குத் தெரியாவிட்டாலும் இதைக் கேட்கலாம். பதில் தடுமாறினால் படிக்கவில்லை என்று அவளுக்கே தெரிந்துவிடுகிறது.

கோர்ஸை விடவில்லை. மார்க்கு சுமார்தான். பதினொன்றரைக்கு விளக்கு அணைகிறது.

இந்தக் கட்டுரையை அனுப்புமுன் அவளிடம் கொடுத்தேன். தமிழை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள். அதில் நான் அவசரப்படுத்துவதில்லை. அரை மணி நேரம், ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, "அப்பா, யாப்புன்னா என்ன?" என்று கேட்டாள்.