நாள் வாடகை வீட்டுக்கு அளவு வேண்டும்; அதை ஊர்ச் சபையே வகுக்க வேண்டும்

ஒரு வீட்டில் எத்தனை பேரைத் தங்கவைக்கலாம் என்பதை வீட்டுக்காரர் ஒருவரே தீர்மானிப்பது நீதியா? என் வீடு, என் உரிமை என்போர் உளர். அவ்வுரிமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு வீட்டின் கழிவு அதன் மதிலோடு நின்றுவிடுவதில்லை; அதன் இரைச்சல் வேலியைக் கண்டு திரும்புவதுமில்லை. அயலவரின் கிணற்றைத் தொடும் உரிமைக்கு அயலவரின் சம்மதமும் வேண்டும். அச்சம்மதத்தை ஊரின் பேரால் வழங்கவோ மறுக்கவோ தகுதியுடையது உள்ளூராட்சி மன்றமே. இதுவே நமது வாதம்.

முன்னாளில் யாத்திரிகருக்கு மடம் இருந்தது. பணமுடையோருக்கு விடுதி இருந்தது. இரண்டும் ஊரறிய இயங்கின. இன்றோ குடியிருப்பு வீடே, இணையத்தள நிறுவனங்களின் வழியாக, ஓரிரவுக்கும் ஈரிரவுக்கும் விடுதியாக மாறுகிறது. வெளிநாடு சென்றோரின் பூட்டிய வீடுகள் மலிந்த யாழ்ப்பாணத்திலும் இவ்வழக்கம் வேரூன்றி வருகிறது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் தங்குமிடம் தேடி வருவோர் பலர். வருவோரை வரவேற்பது நம் பண்பு. சில குடும்பங்களுக்கு அது சீவனோபாயமுமாகும். ஆனால் ஐந்து பேருக்கெனக் கட்டிய வீட்டில் இருபது பேரைக் காசு வாங்கி இருத்தினால் அது விருந்தோம்பல் அன்று; வியாபாரம். வியாபாரத்துக்கு விதி வேண்டும்.

பிற நகரங்கள் செய்தது என்ன? நியூயோர்க் நகரின் 2022ஆம் ஆண்டு 18ஆம் இலக்க உள்ளூர்ச் சட்டம் 2023 செப்டெம்பர் 5 முதல் நடைமுறைப்படுத்தப்பட்டது. முப்பது நாளுக்குக் குறைந்த காலத்துக்கு வீட்டை விடுபவர் நகர அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். விருந்தினர் தங்கும்போது தாமும் அங்கே வசிக்க வேண்டும். இருவருக்கு மேல் ஏற்கலாகாது. பதிவில்லாத வீட்டுக்கு இணையத்தள நிறுவனம் பணத்தைக் கைமாற்றலாகாது. இக்கடைசி விதியே அச்சட்டத்தின் முதுகெலும்பு. ஆயிரம் கதவுகளைத் தட்டிப் பார்ப்பதைவிடப் பணம் செல்லும் ஒரு வாயிலிற் காவல் வைப்பது எளிதல்லவா? அம்ஸ்ரடாம் நகரம் நால்வரை எல்லையாக வகுத்தது. பார்சிலோனா நகரபிதாவோ, 10,101 சுற்றுலா வீடுகளின் அனுமதியை 2028 நவம்பருக்குப்பின் நீடிப்பதில்லை என 2024 ஜூனில் அறிவித்தார். உள்ளூர் மக்களுக்கு வீடு கிடையாத நிலை முற்றியபின் தடையே அங்கு மருந்தாயிற்று.

ஆனால் அளவு வகுக்கும் அதிகாரமும் துர்ப்பிரயோகமாகலாம். நியூயோர்க் மாநிலத்தின் பெல் ரெயர் என்னும் சிற்றூர், உறவினரல்லாதார் இருவருக்கு மேல் ஒரு வீட்டில் வாழலாகாது என விதித்தது. மாணவர் அறுவர் குடியிருந்த வீட்டைப் பற்றிய வழக்கில், 1974இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் ஊரின் பக்கமே தீர்ப்பளித்தது. நீதியரசர் தேர்குட் மார்சல் உடன்படவில்லை. நெருக்கடியைத் தடுப்பதே நோக்கமெனில் அறைக்கு இத்தனை பேர் என எல்லோருக்கும் ஒன்றாக விதிக்கலாம். உறவை விசாரிக்கலாகாது என்பதே அவர் கருத்தின் சாரம். 1977இல் கிழக்கு கிளீவ்லாந்து நகரின் வழக்கு வந்தது. வெவ்வேறு பிள்ளைகளின் வழிவந்த பேரர் இருவரைத் தம்மோடு வைத்திருந்த பாட்டி ஒருவருக்கு ஐந்து நாட் சிறையும் 25 டொலர் தண்டமும் விதிக்கப்பட்டிருந்தன. அவ்விதி செல்லாதென நீதிமன்றம் தீர்த்தது.

இப்பாடம் நமக்குக் கடல்கடந்து வரவேண்டியதன்று. 2007 ஜூன் 7ஆந் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர் பொலிசாரால் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாளே நமது உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. தங்குவோர் யார், எவ்வினம், எவ்வூர் என வினவும் அதிகாரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பட்டறிந்தவர் நாம். ஆகவே நமது சபைகள் இயற்றும் விதி தலைகளை எண்ணட்டும். முகங்களைப் பார்க்க வேண்டாம். சாதியும் சமயமும் அதன் கண்ணிற் படவே கூடாது.

எண்ணுவதற்கு அளவுகோல் எது? குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையிற் தேங்கும் மழைநீரே நம் கிணறு, அதனடியில் உவர்நீர். அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலெழும் என்பதைக் கமக்காரருக்கு நாம் கற்பிக்க வேண்டுவதில்லை. கழிவோ குழிகளில் விழுந்து, அதே பாறையின் வெடிப்புகள் வழியே கீழிறங்குகிறது. 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது, நன்று. ஆனால் அக்குழாய் நீரைக் கொண்டுவருமேயன்றிக் கழிவைக் கொண்டுசெல்லாது. ஆகவே நியூயோர்க்கின் எண்ணை நாம் இரவல் வாங்க வேண்டியதில்லை. கழிவுக்குழியின் கொள்ளளவு, கிணற்றுக்கும் அதற்கும் உள்ள தூரம், படுக்கையறைகளின் பரப்பு, தீப்பிடித்தால் வெளியேறும் வழி ஆகிய நான்குமே நமது எண்ணைத் தரவேண்டும். நகரத்து ஒழுங்கைக்கு ஓர் எண்ணும் வலிகாமத்துத் தோட்டக் கிராமத்துக்கு வேறோர் எண்ணும் வரலாம். அதனாலேயே இதை ஊர்ச் சபை வகுக்க வேண்டும் என்கிறோம்.

சட்டத்தில் இடமுண்டா? உண்டு. மாநகர சபைகள் கட்டளைச் சட்டமும் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும் உபவிதி இயற்றும் அதிகாரத்தை வழங்கியுள்ளன. 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின்கீழ்க் கொழும்பிலுள்ள அதிகாரசபை பதிவேடு வைத்திருக்கலாம். பதிவேடு கிணற்றை எட்டிப் பார்க்காது. அயலவரின் நலனைச் சட்டம் மதிப்பது நமக்குப் புதுமையுமன்று. 1707இல் எழுத்திற் பதியப்பட்ட தேசவழமை, காணியை விற்க முனைபவர் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் மட்டுமன்றி, அக்காணியில் ஈடு பெற்றிருந்த அயற்காணிக்காரருக்கும் முன்னறிவிக்க வேண்டும் எனக் கண்டது.

ஏழை விதவை ஒருவர் இரண்டு அறைகளை விட்டுப் பிழைப்பதைக் கெடுப்பதா எனச் சிலர் கேட்பர். கெடுக்க வேண்டாம். வீட்டுக்காரர் உடனுறையும் வீட்டுக்குக் கட்டணம் பெயரளவினதாக இருக்கட்டும். ஆளில்லா வீடுகளைத் தொகையாக எடுத்து நடத்துவோர் மீதே விதி இறுகட்டும். விதி பெருகினால் கைலஞ்சமும் பெருகும் என அஞ்சுவோருக்கும் விடையுண்டு. அனுமதித்த எண்ணை வாசலில் எழுதி வைக்கச் செய்க. அனுமதி மறுத்தாற் காரணத்தை எழுத்திற் தருக. அயலவரின் முறைப்பாட்டுக்கு இத்தனை நாளுக்குள் விடை என்று காலவரை இடுக. மேன்முறையீட்டுக்கு வழி திறக்க. மறைவில் இருக்கும் அதிகாரமே விலைபோகும்.

நமது உள்ளூராட்சி மன்றங்கள் 2023இற் கலைந்து, 2025 மே 6ஆந் திகதித் தேர்தலின் பின்னரே மீண்டும் மக்கள் பிரதிநிதிகளைக் கண்டன. 2018 ஒக்டோபரில் ஆயுள் முடிந்த வட மாகாண சபைக்கு 2025ஆம் ஆண்டு முடியும்வரை தேர்தல் நடைபெறவில்லை. பறிக்கப்பட்ட அதிகாரத்தை இடையறாது கேட்போம். ஆனால் கையிலுள்ள அதிகாரத்தைத் துருப்பிடிக்க விட்டுவிட்டுப் பெரிய அதிகாரம் கேட்டால், கேட்பவரை யார் மதிப்பர்? சட்டமறிந்தோர் உபவிதியின் வாசகத்தை வரைந்து கொடுக்கட்டும். பொறியியலாளரும் வைத்தியரும் அளவைக் கணித்துக் கொடுக்கட்டும். கமக்காரர் தம் வட்டார உறுப்பினரிடம் சென்று கேட்கட்டும். கிணறு கெட்டபின் கூடும் கூட்டத்தால் ஊருக்குப் பயனில்லை.