ஐம்பது எழுபத்தைந்து ஆகுமா?

“ஐம்பது எழுபத்தைந்து ஆகிவிட்டதடா!” என்று விடுதி நண்பன் ஒருவன் சொன்னபோது, தேங்காய் விலையைத்தான் சொல்கிறான் என்று எண்ணினேன். அவன் கையில் இருந்ததோ என் காமிரா. அதன் முகப்பில் என் மாமாவின் பழைய 50 மி.மீ. லென்ஸ். “இந்தச் சின்ன சென்சார் காமிராவில் மாட்டினால் உன் ஐம்பது எழுபத்தைந்தாகிவிடும். நடுப்பகுதி மட்டும் பதிவாவதால் படமும் பிரமாதமாக வரும்” என்று விளக்கினான். அவன் பொருளியல் மாணவன். நான் இயற்பியல் மூன்றாம் ஆண்டு. மறுத்துப் பேசத் தொடங்கியவன் ஒரு மணி நேரம் பேசினேன். சாப்பாட்டு மணி அடித்ததால் அவன் தப்பினான். மீதியை இம்மலரின் வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

முதலில் அந்த லென்ஸின் கதை. என் தாய்மாமன் எங்கள் ஊர்க் கடைவீதியில் முப்பது ஆண்டுகள் ஸ்டூடியோ நடத்தியவர். சுற்றுவட்டாரத்தில் நாற்பது வயதைக் கடந்த தம்பதியரின் மணக்கோலம் பெரும்பாலும் அவர் கண் வழியே வந்ததுதான். பிலிம் போயிற்று, இருட்டறை போயிற்று, உதகையில் ‘இந்து’ பிலிம் செய்துவந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையே மூடப்பட்டது. மாமாவின் ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று கைப்பேசி ரீசார்ஜ் கடை. அவருடைய நிக்கான் எப்.எம்.2 காமிராவும், 28, 50, 135 மி.மீ. லென்ஸ்கள் மூன்றும் அரிசி டப்பா ஒன்றில் உறங்கிக் கிடந்தன. பழைய மிரர்லெஸ் காமிரா ஒன்றை இரண்டாம் கையாக நான் வாங்கியபோது மாமா அந்த டப்பாவை என்னிடம் தந்தார். “மாப்ளே, கண்ணாடிக்கு வயசாகாது. பூஞ்சை மட்டும் பிடிக்காமப் பாத்துக்க” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டையும் சேர்த்து வைப்பது ஓர் உலோக வளையம். ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் கொடுத்து வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் உள்ளே கண்ணாடி இல்லை, மின்கம்பி இல்லை, வெறும் காற்றுதான்! “இதற்கா ஆயிரம்?” என்று அம்மா கேட்டார். விஷயம் அந்தக் காற்றின் நீளத்தில்தான் இருக்கிறது. நிக்கானின் பழைய காமிராக்களில் லென்ஸ் அமரும் இடத்துக்கும் பிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ. தூரம். சாய்ந்து நிற்கும் ஆடி மேலே எழும்பி இறங்க அவ்வளவு இடம் தேவைப்பட்டது. ஆடியில்லாத காமிராவுக்கு அந்த இடம் தேவையில்லை. என்னுடைய சோனி காமிராவில் அத்தூரம் 18 மி.மீ. மட்டுமே. மிச்சம் 28.5 மி.மீ.; அதுவே வளையத்தின் தடிமன். தூரம் சரியாக அமைந்தால் தொலைவிலுள்ள கோபுரமும் தெளிவாகப் பதியும். இடம் மிச்சமில்லாத ஆடிக் காமிராவில் இதே வளையத்தைப் போட்டால் லென்ஸ் முன்னே தள்ளப்பட்டு, கைக்கெட்டிய பூ மட்டும் தெரியும், கோபுரம் தெரியாது. 2008இல் பானசோனிக் ஜி1 வந்தது முதல் ஆடியில்லாக் காமிராக்கள் பெருகின. பரணில் கிடந்த லென்ஸ்களுக்கெல்லாம் மறுவாழ்வு கிடைத்ததும் அதன்பின்தான்.

இனி நண்பனின் கணக்குக்கு வருவோம். பிலிமில் படச்சட்டத்தின் அளவு 36×24 மி.மீ. அதே அளவு சென்சாரைத்தான் ‘ஃபுல் ஃபிரேம்’ என்கிறார்கள். என் காமிராவின் சென்சார் ஏறத்தாழ 23.5×15.6 மி.மீ.; இதற்குக் ‘கிராப் சென்சார்’ என்று பெயர். லென்ஸ் எப்போதும்போல் பெரிய வட்டமான பிம்பத்தை வீசுகிறது. சென்சார் அதன் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொள்கிறது. அவ்வளவே. வீட்டுச் சன்னலின் இருபுறமும் பலகை வைத்து மறைத்தால் வெளியே நிற்கும் முருங்கை மரம் பக்கத்தில் வந்துவிடுமா? குறைவாகத் தெரியும், கிட்டே வராது. 50 மி.மீ. லென்ஸின் கிடைமட்டப் பார்வைக் கோணம் பிலிமில் சுமார் 40 பாகை. என் காமிராவில் 26 பாகைக்குச் சற்று மேல். பிலிம் காமிராவில் 75 மி.மீ. லென்ஸ் காட்டும் கோணமும் ஏறத்தாழ இதுவே. நண்பனின் எழுபத்தைந்து பிறந்த இடம் இதுதான். ஆனால் லென்ஸின் குவியத்தூரம் மாறவில்லை, எப்/1.8 என்ற துளையின் வெளிச்சமும் மாறவில்லை. கை நடுக்கத்தைச் சமன்செய்யும் சென்சார் உள்ள காமிராக்கள், பழைய லென்ஸைப் போட்டதும் “குவியத்தூரம் என்ன?” என்று கேட்கும். அங்கே 50 என்றுதான் சொல்ல வேண்டும். 75 என்று சொன்னால் காமிரா தேவைக்கு மேல் அசைந்து படத்தைக் கெடுக்கும். காமிராவுக்குத் தெரிந்த உண்மை என் நண்பனுக்குத் தெரியவில்லை!

ஒன்றில் மட்டும் அவன் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஏற்பாடு இல்லாத காமிராவைக் கையில் பிடித்து எடுக்கும்போது 1/50 விநாடி போதாது, 1/80 வேண்டும். சின்னத் துண்டைப் பெரிதாக்கும்போது நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகிறது.

கோணக் கணக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று. சென்ற டிசம்பரில் எங்கள் வகுப்புப் படத்தை நான்தான் எடுத்தேன். வேப்பமரத்தடியில் மூன்று வரிசையாக நின்ற கூட்டத்தின் அகலம் 8 மீட்டர். பிலிம் காமிராவாயிருந்தால் இந்த லென்ஸுடன் 11 மீட்டர் பின்னால் நின்றால் போதும். எனக்கு 17 மீட்டர் வேண்டியிருந்தது. பதினாறாவது மீட்டரில் சைக்கிள் கொட்டகையின் சுவர்! வலக்கோடியில் நின்ற இருவரின் தோள்கள் அந்தப் படத்தில் பாதிதான் உள்ளன. அவர்கள் இன்றுவரை என்னோடு முகங்கொடுத்துப் பேசுவதில்லை. மாமாவின் 28 மி.மீ. லென்ஸைப் போட்டிருக்கலாமே என்பீர்கள். அன்று அதைக் கொண்டுபோகவில்லை என்பதுதான் என் குற்றம். ஆனால் அதுவும் இங்கே 42 மி.மீ. லென்ஸின் கோணத்தைத்தான் காட்டும். கோயில் மண்டபத்தை மூலையில் நின்று முழுதாக எடுத்த அந்த அகலப் பார்வை வளையத்தைப் போட்டதும் போய்விடுகிறது. பழைய லென்ஸ்களால் ஈடுசெய்ய முடியாத இழப்பு இது ஒன்றே என்பது என் கருத்து. பின்புறம் கண்ணாடி வைத்துப் பிம்பத்தைச் சுருக்கித் தரும் வளையங்களும் 2013 முதல் கிடைக்கின்றன. 0.71 மடங்காகச் சுருக்கும் வளையம், 50 மி.மீ. லென்ஸை ஏறக்குறைய 35 மி.மீ. லென்ஸாக்கி, வெளிச்சத்தையும் இரட்டிப்பாக்கித் தரும். குவியத்தூரம் உண்மையிலேயே மாறுவது அங்கேதான். அதன் விலை மாணவர் கைக்கு எட்டாது. மலிவானவை ஓரங்களைக் கலைத்துவிடுகின்றன.

“நடுப்பகுதி மட்டும் வருவதால் படம் பிரமாதம்” என்ற பேச்சு இன்னும் ஆபத்தானது. ஏனெனில் அது பாதி உண்மை. பழைய லென்ஸ்கள் ஓரங்களில் மங்கும், மூலைகளில் இருளும். அந்த ஓரங்கள் கழிந்துவிடுகின்றன என்பது மெய். ஆனால் 36 செ.மீ. அகலமுள்ள படம் அச்சிட வேண்டுமானால் பிலிமிலிருந்து 10 மடங்கு பெரிதாக்கினால் போதும். என் சென்சாரிலிருந்து 15 மடங்கு பெரிதாக்க வேண்டும். நடுப்பகுதியிலுள்ள சிறு குறையும் ஒன்றரை மடங்காகத் தெரியும். துளையை முழுதாகத் திறந்து வைத்தால் ஒரு மெல்லிய பனிப்படலம் படிவதைக் காணலாம். எப்/4க்குக் குறைத்ததும் அது விலகும். மேலும், சில லென்ஸ்களின் அழகே அவற்றின் ஓரத்தில்தான் உள்ளது. சோவியத் நாட்டின் ஹீலியோஸ் 44-2 லென்ஸைப் பலர் தேடி வாங்குவது, பின்னணி இலைகளைச் சுழல்போல் காட்டும் என்பதற்காக. அந்தச் சுழல் பலமாகத் தெரிவது ஓரங்களில். சின்ன சென்சாரில் அதில் பெரும்பகுதி வெட்டுப்பட்டு விடுகிறது. வாங்கிவிட்டுச் சுழலைத் தேடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெட்டுப்பட்ட அந்த ஒளி எங்கே போகிறது? இந்தக் கேள்வியை எந்தக் கடைக்காரரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சென்சாருக்கு வெளியே விழும் ஒளி வளையத்தின் உட்சுவரில் பட்டுத் திரும்புகிறது. மலிவான வளையங்களின் உட்சுவர் பளபளவென்றிருக்கும். வெயிலில் எடுத்த என் முதற்படங்கள் எல்லாம் நீர் கலந்த பால்போல் இருந்தன. லென்ஸ் கெட்டுவிட்டதென்று நினைத்து மாமாவிடம் ஓடினேன். அவர் வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “குத்தம் லென்ஸ்ல இல்ல மாப்ளே” என்று சொல்லி, உட்புறத்தில் கறுப்பு வெல்வெட் காகிதம் ஒட்டித் தந்தார். முன்புறம் சற்று நீளமான நிழற்குழாயும் மாட்டினோம். பாதி வெண்மை போயிற்று. மீதியை லென்ஸின் பழைய பூச்சுக்கு எழுதிவிட்டேன்.

‘ஃபுல்’ என்றும் ‘கிராப்’ என்றும் பேர் வைத்ததே தவறு என்று எனக்குத் தோன்றுவதுண்டு. முழுமை என்றால் மற்றது குறையாகிவிடுகிறதல்லவா? ஜெர்மனியில் ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்த லைகா காமிரா 1925இல் லைப்சிக் சந்தைக்கு வந்தபோது, இன்றைய இந்த ‘முழு’ச் சட்டம்தான் குட்டிச் சட்டம்! சினிமாப் பிலிமின் இரண்டு கட்டங்களை ஒன்றாக்கி அவர் 36×24ஐப் பெற்றார். சினிமாவின் ஒரு கட்டமோ சுமார் 24×18. என் கிராப் சென்சாருக்கு நெருங்கிய உறவு. திரையில் நாம் கண்டு உருகிய எத்தனையோ அண்மைக் காட்சிகள் அந்தச் சிறிய கட்டத்தில், 50 மி.மீ. லென்ஸில் எடுக்கப்பட்டவை. அவற்றைப் பார்த்து யாரும் ‘வெட்டுப்பட்ட படம்’ என்று சொன்னதில்லை.

அப்படியானால் பழைய லென்ஸே போதும் என்கிறேனா? இல்லை. இதை எழுதவே கூச்சமாயிருக்கிறது. சென்ற ஆண்டு விளையாட்டு விழாவில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி 100 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தாள். செங்கல் சூளையில் வேலை செய்யும் அப்பாவிடம் காட்ட வேண்டுமென்று முதல் நாளே என்னிடம் சொல்லி வைத்திருந்தாள். 135 மி.மீ. லென்ஸைப் போட்டுக்கொண்டு முடிவுக்கோட்டருகே மண்டியிட்டேன். இந்த லென்ஸ்களில் போகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். திருப்பினேன், திருப்பினேன், ஓட்டம் முடிந்துவிட்டது. நான்கு படங்கள் எடுத்தேன். நான்கிலும் அவள் மங்கல். பின்னாலிருந்த கொடிக்கம்பம் மிகத் தெளிவு. கைப்பேசியில் எடுத்த முதலாண்டு மாணவனின் படத்தைத்தான் அவள் வீட்டுக்கு எடுத்துச் சென்றாள். திரும்ப நடக்காத நிகழ்ச்சிக்குப் பழைய லென்ஸை நம்பிப் போகாதீர்கள். பிறர் பணம் கொடுத்து நம்பும் கல்யாணத்துக்கு நிச்சயம் போகாதீர்கள். மாமாவால் முடிந்ததே என்றால், மாமாவுக்கு முப்பது ஆண்டுப் பழக்கம்.

அமர்ந்த முகங்களுக்கோ இதைவிடச் சிறந்த ஆசான் இல்லை. எங்கள் சிற்றுண்டிச்சாலை அக்கா வடைக்கு மாவு தட்டும் படத்தை இதே 50 மி.மீ. லென்ஸில் எடுத்தேன். வியூஃபைண்டரில் பிம்பத்தைப் பெரிதாக்கி, கண்ணிமையில் போகஸ் வைக்க எனக்கு அரை நிமிடம் ஆயிற்று. அந்த அரை நிமிடத்தில் அக்கா என்னை மறந்து வேலையில் ஆழ்ந்துவிட்டார். கோணம் குறுகியதால் நான் நான்கடி தள்ளி நிற்க வேண்டியிருந்தது; முகமும் மூக்குப் பெருக்காமல் இயல்பாக வந்தது. கிராப் சென்சார் எனக்குச் செய்த பேருதவி இது.

இவ்வளவும் எழுதுவதற்குக் காரணம் ஒன்று உண்டு. எங்கள் இயற்பியல் துறை அலமாரியில் ஒரு பழைய ஜெனிட் காமிராவும், ஹீலியோஸ் 58 மி.மீ. லென்ஸும், திருகு மவுண்ட் கொண்ட வேறு இரண்டு லென்ஸ்களும் இருக்கின்றன. முன்னொரு காலத்தில் இயங்கிய புகைப்படக் கழகத்தின் சொத்து. இவ்வாண்டு இருப்புக் கணக்கெடுப்பில் இவை ‘பயனற்றவை’ப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. உடைந்த நாற்காலிகளோடு ஏலத்துக்குப் போகும் என்கிறார்கள். “புது லென்ஸ் வாங்கித் தருவதை விட்டுப் பழைய சாமானைக் கட்டி அழுவானேன்?” என்று மதிப்பிற்குரிய பேராசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. விளையாட்டு விழாவுக்குப் புது லென்ஸ் வேண்டும்; நானே முதலில் கையொப்பமிடுவேன். ஆனால் ஆண்டு விழாவுக்கு மட்டும் வெளியே வரும் கல்லூரியின் மிரர்லெஸ் காமிராவும் என்னுடையதைப் போன்ற 18 மி.மீ. வகைதான். திருகு லென்ஸின் தூரம் 45.46 மி.மீ.; 27.46 மி.மீ. தடிமனில் ஒரே ஒரு வளையம் இருந்தால் மூன்று லென்ஸ்களும் அதில் அமரும். காமிராவின் பட்டியலில் ‘லென்ஸ் இல்லாமலும் படமெடு’ என்ற விருப்பத்தை இயக்கி வைக்க வேண்டும். மறந்தால் பொத்தான் வேலை செய்யாது. துளையும் தூரமும் கோணமும் கரும்பலகையில் படித்துக் கொட்டாவி விடும் முதலாண்டு மாணவர்கள் அவற்றைத் தம் விரலால் திருப்பிப் பார்க்கலாம்.

அலமாரியின் சாவி எங்கள் ஆய்வக உதவியாளரிடம் இருக்கிறது. ஏலத் தேதிக்கு முன் ஒரு பிற்பகல் அதைத் திறக்கத் துறைத்தலைவர் அனுமதிக்க வேண்டும். பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க மாமா வருவதாகச் சொல்லியிருக்கிறார். வளையத்தையும் கறுப்பு வெல்வெட் காகிதத்தையும் நான் கொண்டுவருகிறேன்.