பூச்சாண்டி வேண்டாம், அம்மா!

சென்ற மாதம் பூரணாங்குப்பத்திலுள்ள என் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தேன். புதுச்சேரிக்குத் தெற்கே, தவளக்குப்பத்தில் கிழக்கே திரும்பினால் ஊர் வந்துவிடும். கடற்காற்று வாசல் வரை வந்து விசாரிக்கும்.

சாப்பாட்டு வேளை. அவளுடைய ஐந்து வயதுப் பையன் தட்டைத் தள்ளிவிட்டு ஓடினான். "சாப்பிடலேன்னா அலை வந்து தூக்கிக்கிட்டுப் போயிடும்!" என்றாள் சிநேகிதி. அவ்வளவுதான். குழந்தை ஓடி வந்து உட்கார்ந்து, மென்றும் மெல்லாமலும் விழுங்கினான். "பார்த்தாயா என் மந்திரத்தை!" என்று சிரித்தாள் அவள்.

மந்திரத்தின் மறுபக்கத்தை இரவில் பார்த்தேன். தூரத்தில் அலையோசை கேட்டதும், "ஜன்னலைச் சாத்தும்மா!" என்று குழந்தை வீறிட்டான். விடிந்தால் பாய் நனைந்திருந்தது. "இந்த வயசிலே வெட்கமாயில்லே?" என்று அதற்கும் ஓர் அதட்டல்.

சிநேகிதியைக் குற்றம் சொல்ல எனக்கு ஏது யோக்கியதை? அவளுக்கு அலை, நமக்குப் பூச்சாண்டி, போலீஸ்காரர், ஊசி போடும் டாக்டர். பயம் சோற்றை உள்ளே தள்ளுகிறது, வாஸ்தவம். ஆனால் சோறு ஜீரணமான பிறகும் பயம் உள்ளேயே தங்கிவிடுகிறதே! எது கதை, எது நிஜம் என்று சின்னக் குழந்தைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மனத்திலுள்ளதைச் சொல்ல வார்த்தையும் கிடையாது. ஆகவே உடம்பு சொல்கிறது: படுக்கை நனைகிறது, காரணமில்லாமல் வயிறு வலிக்கிறது, அம்மாவின் முந்தானையை விட மறுக்கிறது.

அந்த வீட்டில் அலை வெறும் கதையுமல்ல. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அடித்த கரை அது. சிநேகிதியின் மாமியார் அன்று கண்டதைப் பற்றி அப்புறம் வாயே திறந்ததில்லையாம். அலை என்ற பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவார். பெரியவர்கள் எதைப் பேச அஞ்சுகிறார்களோ, அதைக் குழந்தை பத்து மடங்கு பெரிதாக்கிக்கொள்கிறது.

சுனாமிக்குப் பின் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிபுணர்கள் தமிழகக் கரையோரத்தில் தொண்டர்களுக்குப் பயிற்சி அளித்தார்கள். குழந்தைகளுக்கு அவர்கள் கைக்கொண்ட வைத்தியம் என்ன தெரியுமா? விளையாட்டு, படம் வரைதல், கதை, பொறுமையாகக் காது கொடுப்பது. பயத்தை அடக்கு என்பதல்ல. பத்திரமான ஒருவர் பக்கத்தில் இருக்க, அதை வெளியே வரவிடு என்பதுதான்.

அதைத்தான் சிநேகிதியிடம் சொன்னேன். "அப்போ சோறு எப்படி இறங்கும்?" என்றாள். "இரண்டு கவளம் குறைந்தால் குடி முழுகிவிடாது. பசித்தால் தானே கேட்பான்" என்றேன்.

கேட்டுக்கொண்டிருந்த மாமியார் அன்று மாலை பேரனை மடியில் இழுத்துக்கொண்டார். "ராசா, அலை வந்தது நெசந்தான். ஆனா நம்ம பக்கத்து நல்லவாட்டிலே என்ன நடந்திச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தார். சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் டெலிபோன் செய்ததும், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையத்து ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள்; ஜனங்கள் ஓடித் தப்பினார்கள்.

"மறுபடி வருமா, ஆயா?"

"வராதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா இப்போ ஐதராபாத்திலே ராப்பகலா கடலைப் பார்த்துக்கிட்டு ஆளு இருக்காங்க. சேதி வந்தா உன்னைத் தூக்கிக்கிட்டு முதல்லே ஓடறது நான்தான்!"

2007-ல் அங்கே அமைந்த சுனாமி எச்சரிக்கை மையத்தைத்தான் சொன்னார்.

அன்றிரவும் பாய் நனைந்தது. ஆனால் யாரும் அதட்டவில்லை. வேறு பாய் விரித்தார்கள்.

குழந்தையின் பயமோ வாட்டமோ வாரக்கணக்கில் நீடித்தால், மருத்துவரிடம் காட்டக் கூசாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

நேற்று சிநேகிதி டெலிபோனில் பேசினாள். பையன் இப்போதெல்லாம் படுக்கப் போகுமுன், "ஆயா, ஒலிபெருக்கிக் கதை சொல்லு!" என்கிறானாம். ஜன்னல் பாதி திறந்திருக்கிறதாம்.